பிரின்ஸ் தின்ன மறுத்த தயிர்சாதம்

மகனே,

நாய்க்குட்டி நலமா? உன்னை அப்புறம் விசாரிக்கிறேன். செம்பூரில் ரூம் எடுத்து, ஆபீசில் டைப் அடித்து, மாதம் பிறந்தால் சம்பளம் வாங்குகிறவன் எப்படியும் நலமாகத்தான் இருப்பான். வாயில்லாத ஜீவனைத்தான் முதலில் கேட்க வேண்டும். இங்கே நானும் உன் அம்மாவும் பூனையும் சௌக்கியம். பூனைக்கு என் மேல் இருந்த கோபம் இன்னும் தீரவில்லை. மற்றபடி ஒன்றும் இல்லை.

போன ஞாயிற்றுக்கிழமை நீ தாராவிக்கு வந்தபோது நான் தோல் பட்டறையில் சரக்கு எண்ணிக்கொண்டிருந்தேன். நீ அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போனதை அவள் அன்று சாயங்காலம் குழம்பைக் கிண்டிக்கொண்டே என்னிடம் சொன்னாள். என் முகத்தைப் பார்க்காமல் சட்டியைப் பார்த்துச் சொன்னாள். அதிலேயே எனக்குப் பாதி புரிந்துவிட்டது.

“உங்க மவன் நாய்க்குட்டி வளக்கானாம்.”

“வளக்கட்டும்.”

“ரூமுக்குள்ளயே ஒண்ணுக்கு இருந்து வைக்காம். வீட்டுக்காரரு மூக்கப் பொத்துதாராம். இன்னும் ஒரு மாசம் பாப்பேன், அதுக்கப்புறம் நாயும் நீயும் வேற இடம் பாத்துக்கிடுங்கன்னு சொல்லிட்டாராம். நீங்க வந்து அதப் பழக்கிக் குடுக்கணுமாம்.”

“வாரேன்.”

“தயிர்சாதம்தான் போடுதானாம். கறி மீன் வாசமே காட்டலையாம். அதுல வீட்டுக்காரருக்கு ரொம்ப சந்தோசமாம்.”

“சரி.”

“வரும்போது பட்டறைச் சட்டையில வரவேண்டாமாம். நல்லாக் குளிச்சிட்டு வரணுமாம். யாரும் கேட்டா சயான்ல கடை வச்சிருக்கேன்னு சொல்லணுமாம்.”

“என்ன கடை?”

“அது சொல்லலை.”

கடை வைப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. முதல் போடாமல், வாடகை கொடுக்காமல் சயானில் ஒரு கடை கிடைக்கிறது என்றால் யார் வேண்டாம் என்பார்கள்? ஆனால் என்ன கடை என்று நீ சொல்லியிருக்க வேண்டும். குடைக் கடையா, பாத்திரக் கடையா? வீட்டுக்காரர் மரியாதைக்கு “வியாபாரம் எப்படி” என்று கேட்டால், மழை பெய்யவில்லையே என்று சலித்துக்கொள்வதா, மழை விடவில்லையே என்று சலித்துக்கொள்வதா? எட்டாம் வகுப்பு வரை படித்தவன் நான். ஒன்பதாம் வகுப்பை ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறேன். சொல்லிக்கொடுத்தால் எதையும் சொல்லிவிடுவேன். சொல்லிக்கொடுக்காவிட்டால் உள்ளதைத்தான் உளறுவேன்.

அது இருக்கட்டும், நாய் விஷயத்துக்கு வருகிறேன். நீ என்னை நாய் பழக்குகிறவன் என்று நினைத்துக் கூப்பிட்டிருக்கிறாய். அந்தத் தகுதி எனக்கு உண்டா என்று நீயே யோசித்துப் பார். நம் அறையின் நீளம் அகலம் உனக்குத் தெரியும். நான் காலை நீட்டினால் உன் அம்மா அடுப்பை நகர்த்த வேண்டும். அதற்குள் ஒரு காலத்தில் நாம் நாலு பேர், ஒரு பூனை, ஒரு நாய். இதில் யார் யாரைப் பழக்கினார்கள் என்று என்னால் இன்றைக்கும் சொல்ல முடியவில்லை.

பூனையை முதலில் கொண்டுவந்தவன் நான். பட்டறையிலிருந்து எலிகள் நம் சால் குடியிருப்புக்குள் வந்து, வரிசையாக ஒட்டியிருக்கிற எல்லா அறைகளிலும் ரேஷன் அரிசியைத் தின்றுகொண்டிருந்த காலம். எலிக்குப் பூனை என்று கணக்குப் போட்டேன். பூனை எலியைத் தின்றது. தலையை மட்டும் மிச்சம் வைத்து என் தலையணையில் கொண்டுவந்து வைத்தது. பொழுது விடிந்து எழுந்தால் அது என்னைப் பார்க்கும், நான் அதைப் பார்ப்பேன். மாசக் கடைசியில் தவறாமல் வந்து உட்காரும் வட்டிக்காரனைப் போல வாசலில் அசையாமல் உட்கார்ந்திருப்பதால் நீதான் அதற்குச் சேட்டு என்று பெயர் வைத்தாய். பெயர் வைத்த மறுமாதம் உன் அம்மாவின் கல்யாணச் சேலை இருந்த பெட்டிக்குள் அது நாலு குட்டி போட்டது. நான்கையும் ஒரு கடுவன் பூனை வந்து கடித்துப் போட்டுவிட்டுப் போனது. நாம் பெட்டியைக் கழுவிக்கொண்டிருக்கும்போது சேட்டு பக்கத்தில் உட்கார்ந்து கால் நக்கிக்கொண்டிருந்தது. அந்தச் சேலையில் கறை இன்னும் இருக்கிறது.

அந்தக் கோபத்தில்தான் நான் அதைச் சாக்கில் கட்டி மாகிம் கழிமுகத்துக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய் விட்டேன். பூனையைக் கொன்றால் பாவம் என்று உன் அம்மா சொன்னாள். தொலைத்தால் பாவம் இல்லை என்பது நானாகச் சேர்த்துக்கொண்டது. ஒரு வாரம் கழித்து, நான் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, உடம்பெல்லாம் சேறோடு உள்ளே வந்து, என்னைத் தாண்டிப் போய், உன் அம்மா மடியில் ஏறி உட்கார்ந்தது. வரும் வழியில் என் தட்டிலிருந்த மீனையும் எடுத்துக்கொண்டது. அன்றிலிருந்து என்னை அது ஆளாக மதிப்பதில்லை. நான் செய்ததற்கு அது சரிதான்.

வீட்டுக்குள் ஜீவன்களை வளர்த்தால் அசிங்கம் உண்டு, அதற்குப் பரிகாரமும் உண்டு. உன் குட்டிக்கு நான் சொல்லக்கூடியது இதுதான். ஒண்ணுக்கு இருந்த இடத்தில் அதன் மூக்கைத் தேய்க்காதே. அது உன்னைப் பார்த்துப் பயப்படுமே தவிர ஒண்ணுக்கை நிறுத்தாது. தோல் ஊறப்போட்டு எடுத்த ஆவாரம்பட்டைத் தூளை வெயிலில் காயவைத்து ஒரு மரப்பெட்டியில் பரப்பி மூலையில் வை. சேட்டுக்கு நாம் வைத்தது போல. அந்தத் தூள் மூத்திர வாடையைத் தின்றுவிடும். அது கடையில் கிடைக்காது. பட்டறையில் மலைபோல் கிடக்கிறது. ஒரு மூட்டை கொண்டுவருகிறேன். சயானில் கடை வைத்திருப்பவன் கையில் பட்டைத்தூள் எப்படி வந்தது என்று கேட்டால் என்ன சொல்ல வேண்டும் என்பதையும் நீயே யோசித்து வை.

இனி பிரின்ஸைப் பற்றிச் சொல்ல வேண்டும். உனக்குத் தெரியாத கதை இல்லை. தெரிந்த கதையை ஏன் சொல்கிறார் என்று நினைப்பாய். நீ அதைப் பத்து வயசில் இடுப்பளவு உயரத்திலிருந்து பார்த்தவன். இப்போது என் உயரத்துக்கு வந்துவிட்டாய். இங்கிருந்து ஒரு தடவை பார்.

ஜப்பான்காரன் குண்டு போடப்போகிறான் என்று பம்பாயில் பாதிப் பேர் மூட்டை கட்டிய வருஷம். மாட்டுங்கா சார் ஒரு நாள் பட்டறை வாசலுக்கு வந்தார். நம் முதலாளியின் ஆபீசில் கணக்குப் பார்த்தவர், பாலக்காட்டுக்காரர், மாட்டுங்காவில் வீடு. என் சம்பளத்துக்குக் கையெழுத்துப் போடுகிறவர் அவர்தான். பட்டறைக்குள் அவர் ஒருநாளும் கால் வைத்ததில்லை. வாசலில் கைக்குட்டையோடு நிற்பார். அன்றைக்குக் கைக்குட்டை இல்லை. கையில் ஒரு வெள்ளை நாய் இருந்தது. பஞ்சை உதறி வைத்த மாதிரி.

“ஓய், குடும்பத்தை ஊருக்குக் கூட்டிண்டு போறேன். ரெயில்ல மனுஷாளுக்கே இடம் இல்லை. ரெண்டே மாசம், இவனை நீர் பாத்துக்கணும். பில்டிங்குல யாருமே இல்லை, எல்லாரும் கிளம்பியாச்சு.”

“பாத்துக்கிடுதேன் சார்.”

“சுத்த சைவமாக்கும், கேட்டீரா. முட்டைகூடக் காட்டிடாதேயும். தயிர்சாதம்தான். தயிர் புளிக்கப்படாது, புளிச்சா வயத்தைப் பிடிக்கும்.”

நாயோடு ஒரு பித்தளைத் தட்டு, ஒரு கம்பளித் துண்டு, கழுத்தில் தோல்பட்டி, பட்டியில் முனிசிபாலிட்டி லைசென்ஸ் வில்லை. நம் வீட்டில் அன்றைக்கு அவ்வளவு சொத்து யாரிடமும் இல்லை. நான் அதைத் தூக்கிக்கொண்டு சாலுக்குள் நுழைந்ததும் அடுத்த அறைச் சண்முகத்தாய் வாசலில் நின்று கேட்டாள், “எண்ணே, மாட்டுங்கா நாயி நம்ம வீட்டுத் தண்ணியக் குடிக்குமாண்ணே? இல்ல அதுக்குத் தனிச் செம்பா?” சால் முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன். சிரிக்காவிட்டால் இரண்டாவது தடவையும் சொல்வாள்.

நிஜமாகவே அது குடிக்கவில்லை. தயிருக்கு நான் மாட்டுங்காவரை நடந்தேன். யுத்த விலையில் தயிர் வாங்கி நாய்க்குப் போட்டுவிட்டு நாம் மோரைக்கூடப் பார்க்காமல் சாப்பிட்டோம். நாய் அதையும் முகர்ந்துவிட்டுப் படுத்துக்கொண்டது. வீட்டு ஞாபகம் போலிருக்கிறது. செத்துத் தொலைத்தால் சாருக்கு என்ன பதில் சொல்வது என்று நான் பயந்துகொண்டிருந்தபோது, நீ உன் தட்டிலிருந்த கருவாட்டுத் தலையைக் கீழே தவறவிட்டாய். தவறித்தான் விழுந்தது என்று இன்றைக்கும் சொல்வாய். நாய் எழுந்தது. அது அந்தத் தலையைத் தின்ற சத்தத்தில் சேட்டுகூட ஒதுங்கிப்போனது. உன் அம்மா தலையில் கைவைத்துக்கொண்டு “பிரிஞ்சா, உன் சாதி போச்சேலே” என்றாள். பிரின்ஸ் என்ற பெயர் கடைசிவரை அவள் வாயில் நுழையவே இல்லை.

அதற்கப்புறம் நான் தடுக்கவில்லை. தோலிலிருந்து சுரண்டி எடுக்கிற சவ்வும் கொழுப்பும் பட்டறையில் தினம் வாளி வாளியாகப் போகும். கொஞ்சம் இலையில் மடித்து எடுத்துவந்தேன். நாய் கொழுத்தது. பிறகு ஒரு நாள் எனக்குச் சோறு கொண்டுவந்த உன் பின்னால் ஓடிவந்து பட்டைத் தொட்டிக்குள் விழுந்தது. வெள்ளையாக விழுந்தது, பதனிட்ட தோலின் நிறத்தில் எழுந்தது. வேலையாள்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். “ரைட்டரே, இதையும் ஒரு உருப்படின்னு சேத்து எண்ணிக்கிடும்” என்றார் தொட்டிக்காரர், சரக்கை எண்ணி எழுதுகிற என்னிடம். சீயக்காய், சவக்காரம், சாம்பல் எல்லாம் போட்டுத் தேய்த்தோம். அந்த நிறம் போகிற நிறமா? அதில் ஊறி ஊறி என் நகமே அந்த நிறம்தானே.

அந்த மழைக்காலத்தில்தான் உன் தங்கை போனாள். பேதியில் இரண்டு நாள். அதை விரித்து எழுத எனக்குக் கை வராது. அதற்கப்புறம் உன் அம்மா பேசவில்லை என்பது உனக்கு ஞாபகம் இருக்கும். சமைப்பாள், பரிமாறுவாள், சுவரைப் பார்த்து உட்காருவாள். சண்முகத்தாய் வந்து கட்டிப்பிடித்து அழுதாள், அதற்கும் பேசவில்லை. நான் ஏதேதோ கோமாளித்தனம் செய்து பார்த்தேன். பெண்டாட்டியைச் சிரிக்கவைக்க முடியாத கோமாளியைப் போல ஒரு கேவலமான பிறவி கிடையாது. ஒரு நாள் அந்த நாய் தங்கையின் பாயை மூலையிலிருந்து இழுத்துவந்து, நடு அறையில் போட்டு, அதன்மேல் ஒண்ணுக்கு இருந்தது. நாம் இரண்டு பேரும் அப்படியே நின்றுவிட்டோம். உன் அம்மா எழுந்து வந்தாள். விளக்குமாற்றை எடுத்தாள். “எந்திரி மூதேவி, எம்புள்ள பாய்டா அது” என்றாள். அத்தனை நாளைக்கப்புறம் அவள் வாயிலிருந்து வந்த முதல் பேச்சு அது. நாயை அடித்தாள், அப்புறம் அதைக் கட்டிக்கொண்டு அழுதாள். அதன் முடியில் பட்டைவாடை, மூத்திர வாடை எல்லாம் இருந்தது. மறுநாள் என்னையும் திட்டினாள். வீடு பழையபடி ஆனது.

வீட்டுக்குள் நாய் வளர்த்தால் என்ன லாபம் என்று உன் வீட்டுக்காரர் கேட்டால் இதைச் சொல். சொல்ல முடியாவிட்டால் திருடன் வந்தால் குரைக்கும் என்று சொல்.

இரண்டு மாசம் என்று போன சார் அடுத்த வருஷம் வெயில் தொடங்கும்போது வந்தார். ஆள் அனுப்பினார். நாயைக் குளிப்பாட்டி, பட்டியைத் துடைத்து, பித்தளைத் தட்டைப் புளி போட்டு விளக்கி, நாம் மூன்று பேரும் நடந்தோம். நீ, நான், பிரின்ஸ். கயிறு உன் கையில். சார் வீட்டு மாமி கதவைத் திறந்தாள்.

“இது நம்ம பிரின்ஸ் இல்லை,” என்றாள்.

“கண்ணைப் பாரு, அவனாக்கும்,” என்றார் சார்.

“கண்ணு இருக்கட்டும். நிறம் எங்கே?”

“பட்டைத் தொட்டியில விழுந்துட்டான் மாமி. முடி உதுந்து புதுசு முளைச்சா வெளுத்திரும்,” என்றேன்.

“வாடை?”

“அதுவும் உதுந்திரும் மாமி.”

அவர்களுடைய சின்னப் பெண் மட்டும் ஓடிவந்து அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டது. நாய் வாலை ஆட்டியது. ஆனால் உன் கால்களுக்குப் பின்னாலிருந்தபடியே ஆட்டியது.

“என்ன போட்டீர் இவனுக்கு?” என்று சார் கேட்டார்.

“தயிர்சாதம் சார்.”

நீ தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாய். மாமி அந்தப் பித்தளைத் தட்டை வாங்கி, மறுபடியும் ஒரு தடவை கழுவி, தயிர்சாதம் பிசைந்து கொண்டுவந்து வைத்தாள். நல்ல தயிர். எனக்கே நாக்கில் ஊறியது. பிரின்ஸ் அதை முகர்ந்தது. எல்லோரையும் ஒரு தடவை பார்த்தது. பிறகு திரும்பி என்னிடம் வந்து என் விரல்களை ஒவ்வொன்றாக நக்கியது. காலையில் உரித்து வந்த பச்சைத் தோலை எண்ணிய கை. எவ்வளவு தேய்த்துக் கழுவியிருந்தாலும் நாய்க்குத் தெரியாதா? அது ஆசையாக, சத்தம் வர, மணிக்கட்டு வரைக்கும் நக்கியது. மாமி புடவைத் தலைப்பால் மூக்கை மூடிக்கொண்டாள். சார் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் பரவாயில்லை.

“கெடுத்துட்டீரே ஓய்,” என்றார்.

நான் சிரித்தேன். அடி விழும்போது சிரிப்பது என் பழக்கம் என்று உனக்குத் தெரியும். நீ சிரிக்கவில்லை.

“அப்போ நாங்களே கொண்டு போறோம்,” என்றாய்.

அந்த வீட்டில் அன்றைக்குச் சரியாகப் பேசியது நீ ஒருவன்தான். சார்கூட ஒரு கணம் யோசித்தார், நான் பார்த்தேன். அதற்குள் அந்தச் சின்னப் பெண் அழ ஆரம்பித்தது. “குழந்தை அழறா. இருக்கட்டும். மாடிப்படியண்டை கட்டிப்போட்டு ரெண்டு நாள் பட்டினி போட்டா தானாத் திங்கும்,” என்றார். “ஆமா சார், திங்கும்,” என்றேன். சம்பளத்துக்குக் கையெழுத்துப் போடுகிறவர் நாயைப் பட்டினி போடலாம் என்றால் ஆமாம் என்று சொல்கிற வாய் எனக்கு. நீ கயிற்றை விடவில்லை. நான் குனிந்து உன் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தேன். சின்ன விரல்தான், ஆனால் நல்ல பிடி.

அது இரண்டு தடவை திரும்பி ஓடிவந்தது. முதல் தடவை, ரெயில் பாதையைத் தாண்டி, அறுந்த கயிற்றை இழுத்துக்கொண்டு நேராக நம் அறைக்கு வந்தது. சேட்டு வழக்கம்போல் மூக்கில் ஒரு அறை கொடுத்து வரவேற்றது. விலா எலும்பு தெரிந்தது. தயிர்சாதம் தின்னவில்லை போலும். உன் அம்மா மீன் போட்டாள். தின்று முடிக்கும்வரை காத்திருந்து நானே கொண்டுபோய் விட்டேன். இரண்டாவது தடவை நீ அதைத் தலையணைகளுக்குக் கீழே ஒளித்துவைத்தாய். வால் வெளியே தெரிந்து ஆடிக்கொண்டிருந்தது. அந்த ஆடுகிற வாலைப் பிடித்து நான் இழுத்ததை நீ மறந்திருந்தால் நல்லது. மறந்திருக்க மாட்டாய்.

மூன்றாவது தடவை அது வந்துசேரவில்லை. சார் பட்டறை வாசலுக்கு வந்து கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே நின்றார். “போயிடுத்து ஓய். நாய் வண்டிக்காரன் பிடிச்சுண்டு போயிட்டான். நான் போய்க் கேக்கறச்சே எல்லாம் முடிஞ்சுடுத்து,” என்றார். வில்லை இருக்கிற நாயை எப்படிப் பிடிப்பான் என்று நான் கேட்கவில்லை. நீதான் தனியாக மாட்டுங்காவரை நடந்துபோய், கீழே தெருவில் நின்று அவர்கள் வீட்டுப் பால்கனியைப் பார்த்துவிட்டு வந்தாய். “பட்டி கொடியில தொங்குதுப்பா. கழுவிக் காயப்போட்டிருக்காவ,” என்றாய். தோல்பட்டியைத் தோல் வாடை போவதற்காகக் கழுவியிருக்கிறார்கள். அது காய்வதற்குள் நாய் அவிழ்த்துக்கொண்டு நம்மைத் தேடிக் கிளம்பியிருக்கிறது. வெறுங்கழுத்தோடு தெருவில் ஓடுகிற பழுப்பு நாய் யாருக்கு என்ன நாய்? வெள்ளையாக இருந்திருந்தாலாவது ஏதோ பெரிய வீட்டு நாய் என்று விட்டிருப்பான்.

சார் கெட்டவர் இல்லை. மாமியும் கெட்டவள் இல்லை. அந்தச் சின்னப் பெண்ணுக்கு அப்புறம் காய்ச்சல் கண்டதாகச் சொன்னார். அவர்கள் செய்தது ஒரு பட்டியைக் கழுவியதுதான். மற்றதெல்லாம் நான் செய்தேன். கருவாடும் சவ்வும் போட்டு என் வீட்டுப் பிள்ளையாக்கினேன். என் வீட்டுப் பிள்ளை இல்லை என்று நானே கொண்டுபோய் விட்டேன். இரண்டில் ஒன்றை மட்டும் செய்திருந்தால் அது பிழைத்திருக்கும்.

நீ தீபாவளி வரைக்கும் என்னோடு பேசவில்லை. நான் கோமாளித்தனம் செய்து பார்த்தேன். அதற்கு நீ சிரித்தாய், ஆனால் பேசவில்லை.

இப்போது உன் குட்டி. தயிர்சாதம் தின்னப் பழகிவிட்டது என்று நீ பெருமையாகச் சொன்னாயாம். பழகும். குட்டிதானே, அன்பாகப் போட்டால் எதையும் தின்னும். நீகூட இப்போதெல்லாம் மீன் வேண்டாம் என்கிறாயாம். போன ஞாயிற்றுக்கிழமை உன் அம்மா உனக்கென்று வைத்திருந்த அயிலை வறுவலைச் சேட்டுதான் சாப்பிட்டது. கிளம்பும்போது குழாயடியில் நின்று சட்டைக்குள்ளெல்லாம் சோப்புப் போட்டுக் கழுவினாயாம். சண்முகத்தாய் பார்த்துவிட்டு, “எண்ணே, ஒம்ம மவன் வெளுத்துட்டான் போலிருக்கே” என்றாள். நான் சிரித்தேன்.

உன்னைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. செம்பூரில் நல்ல காற்று, குழாயில் தண்ணீர், ரெயிலடி பக்கம். தோல் எண்ணுகிறவன் மகன் என்றால் அந்த ரூம் உனக்குக் கிடைத்திருக்காது என்பது எனக்குத் தெரியும். நீ பிழைக்க வேண்டும், பொய் சொல். நான் சொல்லாத பொய்யா? ஆனால் ஒன்றை யோசி. நான் வருவேன். வெந்நீரில் குளித்து, உன் அம்மா வெளுத்த சட்டையைப் போட்டு, சயான் கடைக்காரனாகவே படியேறுவேன். உன் வீட்டுக்காரர் நாற்காலி போடுவார். நானும் மழையைப் பற்றி ஏதோ பேசுவேன். உன் குட்டி வந்து என் கையை முகர்ந்து பார்க்கும். அப்புறம் நக்கும், ஒவ்வொரு விரலாக. எந்தக் கடைக்காரன் கையை நாய் அப்படி நக்கும்? அந்த நேரத்தில் அவர் உன்னைப் பார்ப்பார். நான் ஒரு தடவை அப்படிப் பார்க்கப்பட்டவன். அந்த இடத்தில் “ஆமா சார்” என்று சொல்ல மட்டும் உனக்கு நான் சொல்லிக்கொடுக்க மாட்டேன். அது உனக்கு வந்துவிட்டால் அப்புறம் மற்றதெல்லாம் தானாக வந்துவிடும்.

அதனால் நான் படியேறப் போவதில்லை. வருகிற ஞாயிற்றுக்கிழமை, சரக்கு எண்ணி முடித்து, சயானில் ரெயிலேறிக் குர்லாவில் மாறி வருகிறேன். பட்டறைச் சட்டையோடுதான் வருவேன். வேறு சட்டைக்கு மாற்றிக்கொண்டு வந்தால், முதல் தடவை பார்க்கிற நாய்க்குட்டி என்னைச் சயான் கடைக்காரன் என்று நினைத்துவிடும். தோளில் பட்டைத்தூள் மூட்டை இருக்கும். உன் வீட்டுக்கு எதிரே, தெருவுக்கு இந்தப் பக்கம் நிற்பேன். கூப்பிட மாட்டேன்.

குட்டியைக் கயிற்றில் கட்டிக் கீழே கொண்டுவா. அதற்குக் கழுத்துப்பட்டி வாங்கி வில்லையும் வாங்கிவிடு. எந்தக் காரணத்துக்கும் கழற்றாதே. யார் பார்த்தாலும் பார்க்கட்டும் என்று நீ என்னோடு நின்று பேசினால், பட்டைத்தூள் பெட்டியை மூலையில் எப்படி வைப்பது, எத்தனை நாளைக்கு ஒரு தரம் தூளை மாற்றுவது எல்லாம் சொல்லிக்கொடுப்பேன். ஒரு மாசத்தில் அது பழகிவிடும். வீட்டுக்காரரும் பழகலாம், பழகாமலும் போகலாம். பழகாவிட்டால் இங்கே உன் பாய் சுருட்டி வைத்தபடியே இருக்கிறது.

அது முடியாது என்றால் குட்டியைத் தெருவுக்கு இந்தப் பக்கம் கொண்டுவந்து கயிற்றை என் கையில் கொடுத்துவிட்டுப் போ. நான் ஒன்றும் கேட்க மாட்டேன். கூட்டிக்கொண்டு வந்துவிடுவேன். உன் அம்மா மீன் போடுவாள், சேட்டு மூக்கில் அறையும், பட்டைத் தொட்டியில் விழாமல் நான் பார்த்துக்கொள்வேன்.

ஆனால் கயிறு உன் கையில் இருக்கும்வரை நான் அதைத் தொட மாட்டேன். இந்தத் தடவை உன் விரல்களை நான் பிரிக்கப் போவதில்லை. விடுவதென்றால் நீயே விடு.

என்ன கடை என்று இன்னும் தெரியாத,
உன் அப்பா